ஈபெல் கோபுரம்: காட்சி மேடையும் ஆராய்ச்சி மேடையும்

பாரிஸ் நகரத்தைக் காணச் செல்வோர் பெரும்பாலும் தவறாது ஏறிப் பார்க்கும் இடம் ஈபெல் கோபுரமாகும். அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் இதன் தளங்களில் நின்று நகரத்தைக் கண்டு களித்துத் திரும்புகின்றனர். இக்கோபுரம் என்றும் நிலைத்து நிற்பதற்கென்று கட்டப்பட்டதன்று என்பதை அவர்களுள் பலர் அறியார். 1889-ஆம் ஆண்டில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்காக இது எழுப்பப்பட்டது. இதனை நடத்தி வருவாய் பெறும் உரிமை, கட்டியவருக்கு 1890 முதல் 1909 இறுதிவரை 20 ஆண்டுகளுக்கே அளிக்கப்பட்டது. அதன்பின் கோபுரம் நகராட்சியைச் சேரும். நகராட்சி விரும்பினால் அதனைப் பிரித்தெடுத்துவிடலாம்.

அவ்வாறு பிரிக்கப்படாமல் இன்றளவும் அது நிற்பதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று. அந்த 20 ஆண்டுகளில் அதன் மேல் நடைபெற்ற அளவீடுகளும் ஆராய்ச்சிகளுமே அதற்கு உயிர்ப்பிச்சை அளித்தன எனலாம். காட்சி மேடையாகத் தொடங்கிய ஒரு கட்டடம் ஆராய்ச்சி மேடையாக மாறிய வரலாற்றை, கோபுரத்தில் ஒவ்வொரு தளமாக ஏறிச் செல்லும் முறையிலேயே ஈண்டு காண்போம்.

கோபுரத்தின் அமைப்பு

கஸ்டாவ் ஈபெல் (1832–1923) இரும்புப் பாலங்கள் கட்டுவதில் புகழ்பெற்ற பொறியாளர். கோபுரத்தின் முதல் வரைபடத்தை 1884-ஆம் ஆண்டில் தயாரித்தவர்கள் அவருடைய நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் கெக்லின், எமில் நூகியே என்னும் இரு பொறியாளர்கள். ஸ்தெபான் சோவெஸ்த்ர் என்னும் கட்டடக் கலைஞர் அதற்கு மெருகூட்டினார். 1887 ஜனவரி மாதத்தில் அடித்தள வேலை தொடங்கிற்று. 1889 மார்ச் 31-ஆம் நாள் வேலை முற்றுப்பெற்றது. இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 18,038 இரும்புத் துண்டுகளை ஏறத்தாழ 25 இலட்சம் ரிவெட் ஆணிகள் கொண்டு இணைத்து 300 மீட்டர் உயரத்திற்கு எழுப்பிவிட்டனர். உச்சியில் பின்னர்ப் பொருத்தப்பட்ட வானொலிக் கம்பங்களையும் சேர்த்து, 2022-ஆம் ஆண்டு முதல் இதன் மொத்த உயரம் 330 மீட்டர் ஆகும்.

இரும்புச் சட்டத்தின் எடை சுமார் 7,300 டன். இது பெரிய எண்ணாகத் தோன்றினும், உயரத்தை நோக்கக் கோபுரம் மிக இலேசானது என்பதைப் பின்வரும் கணக்குகள் காட்டும். கோபுரத்தின் நான்கு கால்களும் நிற்கும் சதுரத்தின் பக்கம் 125 மீட்டர். இரும்பு முழுவதையும் உருக்கி இச்சதுரத்தில் பரப்பினால் அதன் கனம் சுமார் 6 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், அதே உலோகத்தில், அதே விகிதங்களுடன் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள மாதிரி ஒன்று செய்தால் அதன் எடை 7 கிராமே. கோபுரம் முழுவதையும் உள்ளடக்குமாறு ஓர் உருளையைக் கற்பனை செய்துகொண்டால், அவ்வுருளைக்குள் இருக்கும் காற்றின் எடை 8,000 டன்னைத் தாண்டும். அதாவது கோபுரத்தின் இரும்பைக் காட்டிலும் அதனைச் சூழ்ந்த காற்று கனமானது. காற்றுக்கு எடை உண்டு என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

இவ்வளவு இலேசான கட்டடத்திற்குத் தன் எடையால் நேரும் இடரைவிடக் காற்றினால் நேரும் இடரே பெரிது. ஆகவேதான் அதன் கால்கள் அடியில் அகன்றும் மேலே செல்லச் செல்ல வளைந்து ஒடுங்கியும் உள்ளன. காற்று கோபுரத்தைக் கவிழ்க்க முயலும் விசை அடியில் மிகுதியாகவும் உச்சியில் குறைவாகவும் இருக்கும். அதற்கேற்பவே விளிம்பின் வளைவு வகுக்கப்பட்டது. சட்டங்களுக்கிடையே விடப்பட்ட இடைவெளிகள் வழியே காற்று புகுந்து செல்கிறது. இதனால் கடும் புயலிலும் கோபுரத்தின் உச்சி சில சென்டிமீட்டர்களே அசைகிறது.

1887 பிப்ரவரியில், வேலை தொடங்கியவுடனேயே, எழுத்தாளர் மோப்பசான், இசை வல்லுநர் கூனோ, கட்டடக் கலைஞர் கார்னியே முதலிய பலர் கையொப்பமிட்டு, பயனற்ற இவ்விரும்புக் கோபுரம் நகரத்தின் அழகைக் கெடுக்கும் என்று செய்தித்தாளில் கண்டனம் வெளியிட்டனர். பயனற்றது என்ற அக்குற்றச்சாட்டுக்கு விடையளிப்பதே ஈபெலின் பிற்காலப் பணியாயிற்று.

முதல் தளம்: தொடுவானத்தின் தொலைவு

முதல் தளம் தரையிலிருந்து 57 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் வெளிப்புறத்தில், தரையிலிருந்தே படிக்கக்கூடிய பெரிய எழுத்துக்களில், பிரான்சு நாட்டு விஞ்ஞானிகளும் பொறியாளர்களுமாகிய 72 பேரின் பெயர்களை ஈபெல் பொறித்தார். லவாசியே, கூலும், ஆம்பியர், பிரெனெல், பூக்கோ முதலியோர் அவர்களுள் அடங்குவர். எழுபத்திருவரும் ஆண்களே. பொருள்களின் மீள்தன்மையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1816-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் பரிசைப் பெற்ற சோபி ஜெர்மேன் என்னும் பெண் கணித மேதையின் பெயர் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. இரும்புக் கட்டடம் ஒன்றின்மேல் மீள்தன்மை ஆராய்ந்தவரின் பெயர் விடுபட்டிருப்பதை ஆசிரியர்கள் மாணவியர்க்கு எடுத்துச் சொல்லுதல் தகும்.

இத்தளத்தில் நிற்பவர் எவ்வளவு தொலைவு காண இயலும்? பூமி உருண்டையாதலின் பார்வை ஓர் எல்லையில் நின்றுவிடும். அவ்வெல்லையே தொடுவானம். செங்கோண முக்கோணத்தைப் பற்றிய தேற்றத்தைக் கொண்டு இத்தொலைவைக் கணிக்கலாம். உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். சமதரையைக் கொண்டு கணக்கிட்டால், முதல் தளத்திலிருந்து 27 கிலோமீட்டரும், 116 மீட்டர் உயரமுள்ள இரண்டாம் தளத்திலிருந்து 38 கிலோமீட்டரும், 276 மீட்டர் உயரமுள்ள மூன்றாம் தளத்திலிருந்து 59 கிலோமீட்டரும் காணலாம். காற்றில் ஒளி சற்று வளைந்து வருவதால் உண்மையான தொலைவு இதனினும் 7 அல்லது 8 சதவீதம் கூடுதலாக இருக்கும்.

இவ்வெண்களில் ஒரு பாடம் அடங்கியுள்ளது. முதல் தளத்தைவிட மூன்றாம் தளம் ஏறத்தாழ ஐந்து மடங்கு உயரமானது. ஆயினும் பார்வை எட்டும் தொலைவு இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. தொலைவை இரட்டிப்பாக்க வேண்டுமாயின் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். கலங்கரை விளக்கம் கட்டுவோரும் தொலைக்காட்சிக் கம்பம் நிறுவுவோரும் இக்கணக்கை மறத்தல் இயலாது.

இரண்டாம் தளம்: விழும் பொருளும் காற்றும்

தரையிலிருந்து இரண்டாம் தளத்திற்கு 674 படிகள். படியேற விரும்பாதோர் லிஃப்டில் செல்லலாம். இத்தளத்திலிருந்து ஒரு பொருளை விட்டால், காற்று இல்லையென்று கொள்ளும்போது, அது 5 விநாடிக்கும் சற்றுக் குறைந்த நேரத்தில் தரையை அடையும். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 170 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். உண்மையில் காற்றின் தடை வேகத்தைக் குறைக்கிறது. எவ்வளவு குறைக்கிறது என்பது அக்காலத்தில் தெளிவாக விளங்காதிருந்தது. 1892-ஆம் ஆண்டில் கையெத்தே, கொலார்தோ என்னும் இரு விஞ்ஞானிகள் இத்தளத்திலிருந்து பொருள்களை விழவிட்டு இதனை ஆராய்ந்தனர்.

1903 முதல் ஈபெலே இவ்வாராய்ச்சியில் இறங்கினார். இரண்டாம் தளத்திலிருந்து தரைவரை நேர்க்குத்தாகக் கம்பி ஒன்று கட்டப்பட்டது. அதன் வழியே கனமான கருவி ஒன்று கீழே விழும். அதன் முன்புறத்தில் பல வடிவத் தகடுகளைப் பொருத்தலாம். தகட்டைக் காற்று தள்ளும் விசையைச் சுருள்விற்கள் உணர்ந்து, சுழலும் உருளை ஒன்றின்மேல் கோடாகப் பதிந்துவிடும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கிறது என்பதை, அதாவது வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும் என்பதை, இச்சோதனைகள் உறுதி செய்தன. 1909-ஆம் ஆண்டில் கோபுரத்தின் அடியிலேயே காற்றுச் சுரங்கம் ஒன்றை ஈபெல் அமைத்தார். விழும் தகட்டுக்குப் பதிலாக, அசையாது நிற்கும் தகட்டின்மேல் காற்றை வேகமாகச் செலுத்தி அளக்கும் முறை இது. விமானங்கள் பறக்கத் தொடங்கியிருந்த அந்நாளில் இவ்வளவீடுகள் பெரிதும் பயன்பட்டன.

இரண்டாம் தளத்தைக் கடந்து உச்சிவரை நீளும் மற்றொரு சாதனமும் கோபுரத்தில் இருந்தது. 1891-ஆம் ஆண்டில் கையெத்தே 300 மீட்டர் உயரத்திற்கு ஒரு குழாயை அமைத்து, அதில் பாதரசத்தை ஏற்றினார். ஒரு வாயுமண்டல அழுத்தத்திற்கு 76 சென்டிமீட்டர் பாதரசம் என்பது நாம் அறிந்ததே. 300 மீட்டர் பாதரசம் ஏறத்தாழ 400 வாயுமண்டல அழுத்தத்திற்குச் சமம். மிகுந்த அழுத்தங்களை நேரடியாக அளக்கவும், பிற அழுத்தமானிகளைச் சரிபார்க்கவும் இது உதவிற்று.

மூன்றாம் தளம்: வானிலைக் காட்சிகள்

பொதுமக்கள் இரண்டாம் தளத்திலிருந்து மேலே லிஃப்டிலேயே செல்ல வேண்டும். காற்று மிகுந்த நாட்களில் உச்சித்தளம் மூடப்படும். இங்கே ஈபெல் தமக்கென ஒரு சிறு அறை அமைத்துக்கொண்டார். அமெரிக்க விஞ்ஞானி எடிசனை 1889-ஆம் ஆண்டில் அவர் வரவேற்றதும் இவ்வுச்சியிலேயே.

கோபுரம் திறக்கப்பட்ட அதே ஆண்டில், பிரான்சு நாட்டு மத்திய வானிலைக் காரியாலயம் உச்சியில் கருவிகளை நிறுவிற்று. அதுவரை உயரத்துக் காற்றை ஆராய வேண்டுமாயின் மலைமேல் செல்ல வேண்டும். ஆனால் மலையின் சரிவு காற்றின் போக்கையும் வெப்பநிலையையும் மாற்றிவிடும். சுற்றிலும் தடையின்றி நிற்கும் கோபுரமே, 300 மீட்டர் உயரத்துக் காற்றை உள்ளவாறு காட்டிற்று. ஆல்பிரெட் ஆங்கோ என்னும் வானிலை விஞ்ஞானி இக்காட்சிகளைத் தொகுத்தார். அவற்றுள் மூன்று முடிவுகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, காற்றின் வேகம். நகரத்துக் கட்டடங்களின் மட்டத்தில் வீசும் காற்றைவிட உச்சியில் வீசும் காற்று சராசரியாக மூன்று மடங்கு வேகமுடையதாக இருந்தது.

இரண்டாவது, நாளின் போக்கு. தரையில் நண்பகலை ஒட்டிக் காற்று மிகுந்தும் இரவில் தணிந்தும் வீசுகிறது. உச்சியிலோ இதற்கு நேர்மாறாக இரவில் மிகுந்தும் பகலில் குறைந்தும் வீசிற்று. பகலில் தரை சூடாகி, கீழ்க்காற்றும் மேற்காற்றும் கலப்பதே இதற்குக் காரணம். அக்கலப்பில் மேற்காற்று தன் வேகத்தில் ஒரு பகுதியைக் கீழ்க்காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது, வெப்பநிலை. உயரம் கூடினால் வெப்பம் குறையும் என்பது பொது விதி. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி சென்டிகிரேடு என்னும் சராசரிக் கணக்கின்படி உச்சித்தளம் தரையைவிட ஏறத்தாழ 2 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் உச்சியே தரையைவிட வெப்பமாக இருந்தது. தரை தன் வெப்பத்தை வெளியிட்டு விரைவாகக் குளிர்ந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர்வித்துவிடுவதால் இத்தலைகீழ் நிலை தோன்றுகிறது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் மேலெழாது. வட இந்திய நகரங்களில் குளிர்கால இரவுகளில் புகையும் மூடுபனியும் தரையோடு தங்கிவிடுவதற்கும் இதுவே முக்கியக் காரணமாகும்.

தவணை நெருங்கிய காலம்

எனினும் கோபுரத்தைக் காப்பாற்றுவதற்கு வானிலைக் காட்சிகள் மட்டும் போதுமானவையாக இல்லை. 1898 நவம்பரில் துக்ரெத்தே என்பவர் கோபுரத்தின் உச்சியிலிருந்து 4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாந்தியோன் மண்டபத்திற்குக் கம்பியில்லாத் தந்திச் செய்தி அனுப்பினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், தவணை முடிவதற்குச் சில ஆண்டுகளே இருந்த நிலையில், ஈபெல் கோபுரத்தை இராணுவத்தின் கம்பியில்லாத் தந்திச் சோதனைகளுக்கு அளிக்க முன்வந்ததோடு, செலவையும் தாமே ஏற்றார். கஸ்டாவ் பெரியே என்னும் இராணுவப் பொறியாளர் அச்சோதனைகளை நடத்தினார். அக்காலத்தில் பயன்பட்ட நீண்ட அலைகளுக்கு மிக உயரமான வானலைக் கம்பிகள் தேவை. அவற்றைத் தாங்க இக்கோபுரத்தினும் உயர்ந்த கம்பம் உலகில் இல்லை. 1908-ஆம் ஆண்டிற்குள் செய்திகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவை எட்டின. நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டிய சாதனமாகிவிட்ட கோபுரத்தைப் பிரிக்கும் பேச்சு ஓய்ந்தது. 1910 ஜனவரி முதல் நாள், உரிமை மேலும் 70 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

அதே ஆண்டு மே மாதத்தில் பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்தின் கடிகார நேரம் கோபுரத்திலிருந்து ஒலிபரப்பப்படலாயிற்று. கடலில் செல்லும் கப்பல் தன் தீர்க்கரேகையை அறியச் சரியான நேரம் இன்றியமையாதது. கப்பலின் கடிகாரம் 4 விநாடி பிழைத்தால், நிலநடுக்கோட்டருகே கப்பலின் இருப்பிடம் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர் பிழைபடும். கண்ணுக்குப் புலப்படாத பாறை இருக்குமிடத்தில் அப்பிழை கப்பலில் உள்ளோரின் உயிருக்கே உலையாகலாம். கோபுரத்தின் நேரக்குறிகள் அவ்விடரைக் குறைத்தன.

ஓர் ஆசிரியரின் பயணம்

1910-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் கோபுரத்திற்கு வந்த ஒருவரைத் தனியே குறிப்பிடல் வேண்டும். தியோடர் உல்ப் என்னும் அவர் ஒரு பாதிரியார். நெதர்லாந்து நாட்டின் வால்கன்பர்க் என்னும் ஊரிலிருந்த சமயக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து வந்தவர். தாமே வடிவமைத்த மின்னளவி ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார்.

நன்றாக மூடிய பாத்திரத்திலுள்ள காற்றிலும் சிறிதளவு மின்சாரம் கசிந்துகொண்டே இருப்பதை விஞ்ஞானிகள் அப்பொழுது அறிந்திருந்தனர். ஏதோ ஒரு கதிர் அக்காற்றின் அணுக்களை உடைத்து அயனிகளை உண்டாக்குகிறது. அக்கதிர், மண்ணிலும் பாறையிலும் உள்ள ரேடியம் முதலிய பொருள்களிலிருந்து வருகிறது என்பதே பொதுக் கருத்து. அது உண்மையாயின், உயரே செல்லச் செல்ல இடையிலுள்ள காற்று கதிரை உறிஞ்சிவிட, கோபுரத்தின் உச்சியில் அது பெரும்பாலும் மறைந்துபோக வேண்டும்.

உல்ப் அடியிலும் உச்சியிலும் பல நாட்கள் அளந்தார். உச்சியில் கதிர் குறைந்திருந்தது உண்மையே. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. தரையிலிருந்து வரும் கதிரைக் காற்று எண்ணியதைவிடக் குறைவாக உறிஞ்சுகிறது, அல்லது மேலிருந்தும் ஏதோ கதிர் வருகிறது என்ற இரண்டில் ஒன்றே விளக்கமாக இருத்தல் கூடும் என்று அவர் எழுதினார். எதிர்பார்ப்புக்கு ஒவ்வாத எண்ணை அவர் திருத்தவுமில்லை, மறைக்கவுமில்லை. 1912-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கும் மேலே சென்று அளந்தபோது, கதிர் உயரத்தோடு மிகுவதைக் கண்டார். இன்று காஸ்மிக் கதிர்கள் என வழங்கும் விண்கதிர்கள் இவ்வாறு அறியப்பட்டன. ஹெஸ் 1936-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அவர் சென்ற வழிக்கு முதற்படியாக அமைந்தது, கல்லூரி ஆசிரியர் ஒருவர் கோபுரத்திற்கு எடுத்துச் சென்ற சிறு கருவியே.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கவை

மேற்கூறிய அளவீடுகள் சிலவற்றை எளிய முறையில் எவரும் செய்து காணலாம். அதற்குப் பாரிஸ் நகரம் வேண்டியதில்லை. நல்ல பாதையுள்ள குன்று ஒன்று போதும். பாரமானியில், சுமார் 11 மீட்டர் உயரத்திற்குப் பாதரசம் 1 மில்லிமீட்டர் தாழும். ஈபெல் கோபுரத்தின் உச்சித்தளத்தில் இத்தாழ்வு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். 100 மீட்டர் உயரமுள்ள குன்றில் 9 மில்லிமீட்டர். திரவமில்லாப் பாரமானியோ, அழுத்தம் உணரும் நுண்கருவி பொருந்திய கைப்பேசியோ இதற்குப் போதுமானது.

ஆயினும் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. நம் நாட்டைப் போன்ற வெப்ப மண்டலத்தில், ஒரே இடத்திலும் காற்றழுத்தம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. காலை 10 மணி அளவில் மிகுந்து, மாலை 4 மணி அளவில் குறைகிறது; இவ்வேறுபாடு 2 அல்லது 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஆகவே, அடியில் ஒருமுறை அளந்து, உச்சியில் அளந்து, திரும்பி வந்து அடியில் மீண்டும் அளத்தல் வேண்டும். அடியின் இரு அளவுகளின் சராசரியையே ஒப்பிடக் கொள்ளவேண்டும். வெப்பமானியை நிழலில் பிடித்து, அளவு நிலைக்கும் வரை காத்திருந்து குறிக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் நேரத்தை எழுதுதல் இன்றியமையாதது. உயரமான இடத்திலிருந்து பொருள்களை எறிந்து சோதிப்பது எவ்விடத்தும் கூடாது. கீழே நிற்போருக்கு அது பேராபத்து.

கிடைத்த எண் பாடநூலின் எண்ணோடு பொருந்தாவிடில், அதனை அழித்துவிட்டுப் பாடநூலின் எண்ணை எழுதும் பழக்கம் மாணவரிடையே உண்டு. அவ்வேளையில் உல்ப் பாதிரியாரின் குறிப்பேட்டை ஆசிரியர் நினைவூட்டலாம். மீண்டும் அளக்கச் சொல்லலாம். பிழை எங்கே நேர்ந்திருக்கும் என்று ஆராயச் சொல்லலாம். எண்ணை மட்டும் மாற்றச் சொல்லலாகாது. பயனற்றதென்று இகழப்பட்ட ஈபெல் கோபுரம் தன் தவணையைக் கடந்து நிலைபெற்றது, அதன்மேல் ஏறியவர்களுள் சிலர் காட்சியைக் கண்டதோடு நில்லாமல், கண்டதை அளந்து, அளந்ததை உள்ளவாறு எழுதி வைத்ததனாலேயே ஆகும்.